ஐம்பத்திரண்டு வீச்சும் ஒரு சுவடும்

மிட்டா காவல் சேவகர் நடைமுறை விதிகள், விதி பதினொன்று: வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓராண்டு முடிவதற்குள், இணைப்பில் கண்ட ஐம்பத்திரண்டு கம்பு வீச்சுகளையும் வரிசை தவறாமல் செய்து காட்டாத சேவகன் முன்னறிவிப்பின்றி விலக்கப்படுவான். இதில் இரண்டு விதமாகப் பொருள் கொள்ள ஒரு சொல்கூடக் கிடையாது. அச்சுப் பிழையும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்தியவன் நான். இந்த விதிப்படி 1935 ஆடி மாதம் செங்கோடன் என்ற சேவகன் தன் துணி மூட்டையோடு வெளியே போயிருக்க வேண்டும்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு இதை எழுதக் காரணம் எங்கள் பேட்டையின் உடற்பயிற்சிக் கழகம். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் வந்து கேட்டார். கழகத்தின் வாசலில் ஒரு பலகை: ‘ஆறு மாதத்தில் நூறு பிடிகள் கற்றுத் தரப்படும்.’ நூறு எதற்கு என்று கேட்டேன். அடுத்த தெருக் கழகம் எண்பது என்று பலகை வைத்திருப்பதாகச் சொன்னார். நியாயமான காரணம்தான். எங்கள் ஐம்பத்திரண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிறந்தன.

மிட்டா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சேலம் ஜில்லாவில் சின்ன ஜமீனுக்கு அப்படிப் பெயர். எங்கள் மிட்டாவின் பெயர் வேண்டாம். குடும்பத்தார் இன்னும் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிட்டாதாரர் மைனர். அதனால் சொத்து சர்க்காரின் கண்காணிப்பில் இருந்தது; நிர்வாகத்துக்கு ஒரு மேனேஜர், அவருக்கு மேலே சென்னையில் ஒரு மேலதிகாரி. நாங்கள் யாரும் பார்த்திராத அந்த மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. நான் காவல் பிரிவின் ரைட்டர். பள்ளி இறுதி வகுப்பு தேறியவன், இங்கிலீஷ் எழுதுவேன். வாரச்சந்தைக்கும் கிடங்குக்கும் காவல் நின்ற பதினெட்டுச் சேவகர்களின் பட்டியல், விடுப்பு, தண்டனை, கம்பு உடைந்தால் புதுக் கம்பு எல்லாம் என் கைவழியாகத்தான் போகும்.

மேனேஜர் பட்டாளத்தின் பண்டகசாலையில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். எந்தப் பொருளையும் எண்ணி, பெயர் ஒட்டி, அலமாரியில் வைத்த பிறகுதான் அவருக்கு அந்தப் பொருள் இருப்பதாகவே நம்பிக்கை வரும். கெட்ட மனிதர் அல்ல. சேவகர்கள் தலைக்கு ஒரு விதமாகக் கம்பு சுற்றுவது அவர் கண்ணை உறுத்தியது. ஓமலூர், வாழப்பாடி, ஆட்டையாம்பட்டி என்று சுற்றுவட்டாரத்துச் சிலம்ப வாத்தியார்களை ஒவ்வொருவராக வரவழைத்தார். வந்தவருக்கு வேட்டி, துண்டு, வயிறாரச் சாப்பாடு. அவர் ஆடிக் காட்டுவார், மேனேஜர் எண் கொடுப்பார், நான் எழுதிக்கொள்வேன்.

வாத்தியார்கள் விவரமானவர்கள். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அந்நியனுக்கு எவனாவது தன் நிஜமான தொழிலைக் காட்டுவானா? திருவிழா ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடுகிற வீச்சுகளாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். மயில் வீச்சு, பம்பர வீச்சு, தாமரைச் சுற்று. ஒருவர் ஒன்பதாம் எண்ணாகக் கொடுத்ததையே இன்னொருவர் வேறு பெயரில் இருபத்தேழாம் எண்ணாகக் கொடுத்துவிட்டுப் போனார். நான் சுட்டிக்காட்டினேன். பெயர் வேறாக இருந்தால் பொருளும் வேறுதான் என்றார் மேனேஜர். பண்டகசாலை நியாயம்.

ஒரு வருஷம் பாடுபட்டு நான் ஐம்பத்திரண்டையும் கற்றேன். ரைட்டருக்கு அது கட்டாயமில்லை. ஆனால் சோதனையில் எண்ணை வாசிக்கிறவனுக்குச் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ரோஷம். இன்றைக்கும் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவேன். அவற்றில் ஒன்றைக்கொண்டும் ஒரு நாயைக்கூட நான் விரட்டியது கிடையாது.

சேவகர்களைப் பழக்கியவர் சுபேதார். உண்மையில் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர்; மரியாதைக்காக ஊர்தான் அவரைச் சுபேதாராக உயர்த்திவிட்டது. முதல் யுத்தத்தில் பஸ்ரா பக்கம் போய் வந்தவர். வாழப்பாடிக்காரர். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருவார். குதிகாலால் மண்ணில் இரண்டு கோடு கிழிப்பார், ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு. அந்த இடைவெளியில் ஒருவனை நிறுத்தி, எதிரே நின்று அவன் தலையைக் குறிவைத்து நாணல் தட்டையால் அடிப்பார். அடி வந்து சேருமுன் அவன் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பின்னால் போகக்கூடாது. பக்கவாட்டில், ஒரு காலடி. சிலம்பக்காரர்கள் சுவடு என்பார்களே, அதுதான். அது வந்துவிட்டால் அடுத்தது கம்பைக் குறுக்கே கொடுத்துத் தடுப்பது. அதற்கடுத்து மணிக்கட்டில் ஒரு தட்டு. தீர்ந்தது அவர் பாடத்திட்டம். மாதக்கணக்கில் இதே மூன்று.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆளின் முகத்தையும் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். தப்பாகச் செய்தவனின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அந்த மௌனம் அவனைத் திரும்பவும் கோட்டுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். சரியாகச் செய்தால் ‘ம்’ என்பார். ஒருநாள் மேனேஜரின் அச்சுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார்.

“நல்லா இருக்குது ரைட்டர். கல்யாண ஊர்வலத்துக்கு ஆள் கேட்டா நம்ம பசங்களை அனுப்பலாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இருந்தாலும் விதி விதிதான். பழைய சேவகர்கள் ஒப்புக்கு ஐம்பத்திரண்டையும் மனப்பாடம் செய்து சோதனையில் தேறிக்கொண்டார்கள். சிக்கல் செங்கோடனிடம் வந்தது.

அவன் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். மேட்டூர் அணையில் கல் சுமந்தவன். அணை முடிந்தது, வேலையும் முடிந்தது. மானாவாரிக் காட்டில் அண்ணன் குடும்பத்துக்கே கஞ்சி போதாது. மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு எங்களிடம் வந்தான். வேலை நிரந்தரமான சேவகனுக்கு மிட்டா ஒரு ஓட்டு வீடு கொடுக்கும். தற்காலிகச் சேவகனுக்குக் கிடங்குத் தாழ்வாரத்தில் பாய் விரிக்க இடம். ஓராண்டு தேறினால் வீடு, வீடு கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளைகள். தேறாவிட்டால் எங்கே போவதென்று அவனுக்கே தெரியாது. மாமனார் வீட்டில் மூன்று உருப்படிகள் சோறு தின்பதை மைத்துனன் சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

சுபேதாரின் மூன்றும் அவனுக்கு எலும்பில் ஏறிவிட்டன. அவனை அடிக்கக் கை ஓங்கினால், அடி இறங்கும் இடத்தில் அவன் இருக்கமாட்டான். எப்போது நகர்ந்தான் என்பதும் தெரியாது. ஆனால் வீச்சுகளின் வரிசை மட்டும் மண்டையில் நிற்கவில்லை. அரையாண்டு ஒத்திகையில் நான் எண்களை வாசித்தேன். நாலாவதோடு நின்றுவிட்டான். மேனேஜர் புத்தகத்தை மூடி விதி பதினொன்றைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ரயில் புறப்படும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அங்கேதான் நான் நல்லது செய்யப் போனேன். சாயங்காலம் கச்சேரி, அதாவது மிட்டா ஆபீஸ், மூடியதும் கிடங்குக்குப் பின்னால் அவனுக்கு நானே வீச்சுகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். சுபேதாரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வைத்தேன். மூன்று மாதத்தில் முப்பதைத் தாண்டினான். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சுபேதார் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“செங்கோடன் கால் இப்ப தாமதிக்குது. யாரோ அவன் தலையில எதையோ ஏத்துறாங்க.”

நான் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடுமே என்றேன். என் காலைப் பார்த்தபடி சொன்னார்.

“வேலையைக் காப்பாத்திக் குடுங்க, வேணாங்கல. ஆளும் இருக்கணுமே ரைட்டர், வேலை பார்க்கறதுக்கு.”

நான் நிறுத்தவில்லை. இன்னும் இருபதுதான் பாக்கி. விதி என் பக்கம் இருந்தது.

ஆனி மாதம், மாட்டுச்சந்தை நாள். ஒரு ஜோடி காளைக்கு இரண்டு தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியிருந்தார்கள். அதில் ஒருவர் பேச்சு மாறிவிட்டதாக மாட்டுக்காரன் ஒருவன் கத்தினான். சந்தையில் இது சாதாரணம். ஆனால் அவன் வண்டிக்குப் போய்க் கொடுவாளோடு திரும்பினான், வேலி வெட்டுகிற நீளக் கொடுவாள். கூட்டம் பிளந்து வழிவிட்டது. தரகர் ஒரு கம்பத்தில் முதுகு முட்டி நின்றார். நடுவில் போய் நின்றவன் செங்கோடன்.

பத்தடி தள்ளி நானும் இருந்தேன், கையில் கம்போடு. என்னால் மறைக்க முடியாத விஷயம் இது: அந்த நேரத்தில் என் மனசுக்குள் எண்கள்தான் ஓடின. தலைக்கு வருவதற்குப் பதினாறா, முப்பத்தெட்டா?

முதல் வெட்டு இறங்கியபோது செங்கோடன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒரு கண்ணிமைப்புத்தான். கொடுவாளின் நுனி இடது புஜத்தைக் கிழித்தது. இரண்டாவது வெட்டுக்கு அவன் அங்கே இல்லை. ஒரு காலடி பக்கவாட்டில் இருந்தான். தரகர் அதற்குள் கீழே உட்கார்ந்துவிட்டிருந்தார். கொடுவாள் கம்பத்தில் போய்க் குத்தியது. மாட்டுக்காரன் அதைப் பிடுங்குமுன் செங்கோடன் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினான். பலமான அடிகூட இல்லை. கை தானாக விட்டுவிட்டது. அந்த மாட்டுக்காரன் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். எல்லாம் சேர்த்து, ஒருவன் செருப்பை மாட்டிக்கொள்கிற நேரம்.

டிஸ்பென்சரியில் பதினோரு தையல் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் வெட்டுக்கு ஏன் நகரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“பத்தொம்பதா, இருபத்தொண்ணான்னு ஒரு ரோசனை வந்துருச்சுங்க. அதுக்குள்ள பட்டுருச்சு. உங்க மேல தப்பில்லீங்க சாமி, நாந்தான் மக்கு.”

அந்தக் கண்ணிமைப்பு அவனுடையது அல்ல, என்னுடையது. அதற்கு எந்த விதியிலும் தண்டனை இல்லை. விதிகளில் நான் கண்ட ஒரே பெரிய குறை அதுதான்.

இனி நடைமுறை. பணியில் பலப்பிரயோகம் நடந்தால் ஐந்தாம் படிவத்தில் அறிக்கை வைக்க வேண்டும். அதில் ஏழாவது கட்டம்: பயன்படுத்திய வீச்சின் எண். செங்கோடன் பயன்படுத்தியது சுவடு. அது புத்தகத்தில் இல்லை. ஏனென்றால் எந்த வாத்தியாரும் அதைக் கொடுக்கவில்லை. கம்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே கற்பதை ஒரு வீச்சென்று யார் சொல்வார்கள்? மணிக்கட்டுத் தட்டும் அதில் இல்லை. அது பார்க்க அழகாக இருக்காது. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். நிரப்பும்படி மேனேஜர் திருப்பி அனுப்பினார். ‘எண் இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். எண் இல்லாத வீச்சு அனுமதிக்கப்படாத வீச்சு என்று சிவப்பு மையில் குறித்துத் திரும்ப வந்தது. ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிட்டால் தீர்ந்தது என்று சேவகர்கள் சொன்னார்கள். எழுதியிருப்பேன். சுபேதார் வேண்டாமென்றார். எண் எழுதினால் அடுத்து வருகிறவனும் அந்த எண்ணையே நம்பி வெட்டுக்கு முன்னால் நிற்பான் என்றார்.

இதற்கிடையே ஆடி பிறந்து செங்கோடனின் ஓராண்டு முடிந்தது. கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்குகிறது. இரண்டு கை வீச்சுகளை எப்படிச் செய்து காட்டுவான்? விதி பதினொன்று காயத்துக்கு விலக்குத் தரவில்லை. நான் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மறுபடி படித்தேன். விதி பதினேழு கண்ணில் பட்டது. ஒரு விதியைக் கையாள்வதில் மேனேஜருக்குச் சந்தேகம் ஏற்பட்டால் மேலதிகாரிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை சேவகனை விலக்கக்கூடாது, வேலையும் கொடுக்கக்கூடாது. ஆக, செய்ய வேண்டியது ஒன்றே. மேனேஜருக்குச் சந்தேகம் வர வேண்டும். இருபது வருஷம் பண்டகசாலையில் இருந்தவருக்கு அது சுலபத்தில் வருகிற வியாதி அல்ல.

சுபேதாரிடம் சொன்னேன். அவர் நேராக மேனேஜரிடம் போய், சந்தையில் நடந்ததை ஐயாவே ஒருமுறை பார்த்துவிட்டால் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். மேனேஜருக்கு அது சரியான யோசனையாகப் பட்டது. பொருளைப் பார்த்தால்தானே பெயர் ஒட்ட முடியும்?

மறுநாள் காலை மைதானத்தில் செங்கோடனை நிறுத்தினோம். இடது கை தூளியில், வலது கையில் கம்பு. எதிரே கொடுவாளுக்குப் பதிலாக நாணல் தட்டையோடு ஒரு சேவகனை நிறுத்தினார் சுபேதார். அவன் அடித்தான், செங்கோடன் விலகினான்.

“இவன் எதுவும் செய்யவில்லையே, சும்மா நகர்ந்துகொள்கிறான்” என்றார் மேனேஜர்.

“ஆமாங்க” என்றான் செங்கோடன்.

அடிக்கிறவன் சிநேகிதனுக்காக மெதுவாக அடிக்கிறான் என்று மேனேஜருக்குச் சந்தேகம். நான் எதிர்பார்த்த சந்தேகம் அதுவல்ல, ஆனாலும் ஒரு தொடக்கம். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தட்டையை வாங்கிக்கொண்டார். ஐம்பத்திரண்டும் அவருக்கும் மனப்பாடம். “ஏழு” என்று சொல்லிவிட்டு அடித்தார். தட்டை மண்ணில் பட்டது. “இருபத்துமூன்று.” மண். எண்ணை வாயால் சொல்லாமல் அடித்துப் பார்த்தார். மண். நாற்பத்தொன்றில் ஒரு முழுச் சுற்று உண்டு. சுற்றி முடித்துத் திரும்பியபோது செங்கோடன் தனக்குப் பின்னால் நிற்கக் கண்டார். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. “மன்னிச்சுக்கோணுமுங்க” என்றான்.

மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டார். சொம்பு முழுவதையும் குடித்துவிட்டு மண்ணில் இருந்த காலடித் தடங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எல்லாத் தடங்களும் ஒரே மாதிரி இருந்தன.

“எல்லாவற்றுக்கும் இது ஒன்றைத்தான் செய்தானா?” என்று சுபேதாரைக் கேட்டார்.

“அது ஒண்ணுதாங்க அவனுக்கு நல்லா வரும்.”

“அப்படியானால் மற்றதெல்லாம் எதற்கு?”

இந்தக் கேள்வியை அவர் யாரிடம் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோட்டைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்கு நடந்தார். வாசற்படியில் நின்று, விதி பதினேழின்படி சென்னைக்கு ஒரு கடிதம் தயார் செய்யும்படி என்னிடம் சொன்னார். காயத்தின் விவரமும் பார்த்ததன் விவரமும் எழுதச் சொன்னார். கடைசியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: இந்தச் சேவகனை இழப்பது மிட்டாவுக்கு நஷ்டம் என்பது என் கருத்து. ‘கருத்து’ என்ற சொல்லை அவர் எழுதி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு காத்திருப்பு. பதில் வரவில்லை. இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் போட்டேன். இரண்டாவதற்கு, முதல் கடிதத்தின் நகல் வேண்டுமென்று பதில் வந்தது. அனுப்பினேன். ஐப்பசியில் கை ஆறியது. பட்டியலில் வேலை இல்லாதவன் மைதானத்துக்குள் வரக்கூடாது என்பதால் செங்கோடன் புளியமரத்தடியில் தனியாக நின்று அந்த ஒரு காலடியையே எடுத்து வைத்துக்கொண்டிருப்பான். பகலில் கிணறு வெட்டும் கூலிக்குப் போனான். தை மாதம் மாமனார் வீட்டிலிருந்து ஆள் வந்தது: சித்திரைக்குள் வந்து கூட்டிப் போகாவிட்டால் பெண்டு பிள்ளைகளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் அவன் கச்சேரிப் பக்கம் ஏதோ வேலையாகப் போவதுபோல நடப்பான். நான் தலையை ஆட்டுவேன். அவன் போய்விடுவான்.

பதில் வந்தபோது முதலில் பிரித்தவன் நான். விதிப்படி மேனேஜர்தான் பிரிக்க வேண்டும். என் உத்தியோக காலத்தில் நான் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றுதான். மூன்று பத்திகள். முதல் பத்தி, பணியில் நிரூபித்த திறமையைச் சோதனையில் தேறியதாகவே கொண்டு சேவகன் செங்கோடனை ஓராண்டு முடிந்த நாளிலிருந்து நிரந்தரமாக்கலாம் என்றது. இரண்டாவது, அவனுக்குரிய வீட்டை உடனே ஒதுக்கச் சொன்னது. மூன்றாவது, மேற்படி எண் இல்லாத காலடியை ஐம்பத்துமூன்றாம் எண்ணாகப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டது. சுபேதாரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்த ஒரே தடவை அது.

செங்கோடனை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். புரியாமல் நின்றான். வீட்டுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்த பிறகுதான் புரிந்தது. சாவியை எடுக்கவில்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கமே நகர்த்தினான்.

“இங்கயே இருக்கட்டுமுங்க சாமி. ஊட்டுக்காரியையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாரேனுங்க. அவ கையில குடுங்க.”

இருபது மைல். வண்டிக்குக் காத்திருக்காமல் அப்போதே நடக்கத் தொடங்கிவிட்டான். நான் மேஜைக்குத் திரும்பினேன். கடிதத்தின் தலைப்பில் வரவு முத்திரையைக் குத்தி, நாளை எழுதினேன்: 1936 பிப்ரவரி 11.